நரிக்கு எந்தக் காலிபர்? பண்ணை வாசகர் கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் நிலம் வாங்கி ஆடு, கோழி வளர்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், நரியைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். இங்கே நரி என்றால் ஐரோப்பியச் செந்நரி. 19ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று வெப்பமண்டல வடபகுதி நீங்கலாகப் பெருநிலம் முழுதும் பரவி, ஆட்டுக்குட்டிகளையும் மண்ணில் கூடு கட்டும் பறவைகளையும் கங்காரு இனத்தைச் சேர்ந்த சிறு வாலபிகளையும் அழித்துக்கொண்டிருக்கிறது. சுட்டாக வேண்டும் என்றால் ஒரே குண்டில், வதையில்லாமல் சுட வேண்டும். பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதியவை.

கேள்வி: மேற்கு விக்டோரியாவில் 400 செம்மறி வைத்திருக்கிறோம். போன வருடம் குட்டி ஈனும் பருவத்தில் நரி நிறையக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கையில் இருப்பது ஒரு .22 எல்.ஆர். ரைஃபிள் மட்டும். அது போதுமா? புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?

பதில்: காலிபரை, அதாவது குழல் அளவையும் தோட்டா வகையையும் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்த் தூரத்தை அளந்து பாருங்கள். வேலி ஓரம், அணைக்கட்டின் கரை, நரி வழக்கமாக நுழையும் மூலை, நீங்கள் வண்டியை நிறுத்தக்கூடிய மேடு என்று எல்லா இடங்களுக்கும் லேசர் தூரமானி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் 180 மீட்டர் என்பது பலருக்கு 100 மீட்டராகத் தெரியும். தவறும் குண்டுகள் பலவற்றுக்குக் காரணம் இந்த ஏமாற்றம்தான்.

அடுத்தது நரியின் உடம்பு. வளர்ந்த நரி பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ. குளிர்கால ரோமம் அடர்ந்திருக்கும்போது பெரிய விலங்காகத் தோன்றும். ரோமத்தை நீக்கிப் பார்த்தால் பூனையைவிடச் சற்றே பெரிய உடல். பக்கவாட்டில் நிற்கும்போது இதயமும் நுரையீரலும் இருக்கும் உயிர்நிலை, முன்காலுக்குச் சற்றுப் பின்னே, ஏறத்தாழ 10 செ.மீ. குறுக்களவு. குண்டு அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும். விழுந்தபின் உள்ளே விரிந்து உடைவதற்கு வேகமும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும் தூரம்தான் அந்தக் காலிபரின் எல்லை.

உங்கள் .22 எல்.ஆரில் 40 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சிறு அளவு) அதிவேகக் குண்டு குழலை விட்டு வரும்போது சுமார் 190 ஜூல் ஆற்றல் இருக்கும். 100 மீட்டர் போவதற்குள் அது 125 ஜூல் அளவுக்கு இறங்கிவிடும். 50 மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றுசேர ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்திருந்தால், 100 மீட்டரில் குண்டு 15 செ.மீ.க்கும் கீழே விழும். அதாவது நெஞ்சைக் குறிவைத்தால் கால் உடையும். கால் உடைந்த நரி புதருக்குள் ஓடி, நாட்கணக்கில் கிடந்து சாகும். ஊதல் ஊதிக் கூப்பிட்டு வரவழைத்த நரி 40 மீட்டரில் அசையாமல் நின்றால் இந்தத் துப்பாக்கியால் முடிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். மெதுவாகப் போகும் ஈயக் குண்டு கல்லிலும் காய்ந்த தரையிலும் பட்டுத் தெறித்துப் போவதும் .22 எல்.ஆரின் பெரிய ஆபத்து.

.17 எச்.எம்.ஆர். 2002இல் வந்தது. 17 கிரெயின் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 777 மீட்டர். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. முயலுக்கு அருமை. ஆனால் காற்று அதைத் தள்ளிவிடும்: மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில் 100 மீட்டரிலேயே சுமார் 10 செ.மீ. விலகும். குண்டு மிக மெல்லியது என்பதால் தோள் எலும்பில் பட்டால் மேலேயே உடைந்து, உள்ளே போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. காற்றில்லாத இரவு, 80, 90 மீட்டர், எலும்பைத் தவிர்த்து நுரையீரலில் வைக்கும் குண்டு என்ற நிபந்தனைகளோடு நரிக்குச் சரி. .22 மேக்னம் அதைவிடக் கொஞ்சம் கனமாக அடிக்கும். 40 கிரெயின், சுமார் 440 ஜூல். 100 மீட்டர் வரை நம்பலாம்.

இதுவரை சொன்னவை ரிம்ஃபயர், தோட்டா அடியின் விளிம்பில் அடிபட்டு வெடிப்பவை. உங்கள் நிலத்துக்கு வேண்டியது அடியின் நடுவில் அடிபட்டு வெடிக்கும், வலிமை கூடிய சென்டர்ஃபயர். .22 ஹார்னெட் சத்தம் குறைந்தது, 150 மீட்டர் வரை மென்மையாக வேலை செய்யும். தோட்டா எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. .222 ரெமிங்டன் 1950இல் வந்த பழைய நல்ல காலிபர். அடுத்த வீட்டுக்காரர் ஒன்றை விற்கிறார் என்றால் தயங்காமல் பாருங்கள். புதிதாக வாங்குவதென்றால் எங்கள் பதில் .223 ரெமிங்டன். 55 கிரெயின் குண்டு வினாடிக்கு 980 மீட்டரை ஒட்டிய வேகம், 1,700 ஜூலுக்குச் சற்று மேல். 210 மீட்டர் வரை நேராக உயிர்நிலையில் பிடித்துச் சுடலாம். ஏற்றி இறக்கிப் பிடிக்கத் தேவையில்லை. தோட்டா எங்கும் கிடைக்கும், வகைகள் அதிகம், பின்னுதைப்பு குறைவு. பின்னுதைப்பு குறைவு என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சுட்ட பிறகும் நரி ஸ்கோப்புக்குள்ளேயே தெரிந்துகொண்டிருக்கும். விழுந்ததா, இன்னொரு குண்டு வேண்டுமா என்று அந்தக் கணமே தெரியும்.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகத் தோட்டா ஏற்றாத ரிம்ஃபயர் துப்பாக்கி ஏ பிரிவு. ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் சென்டர்ஃபயர் பி பிரிவு. உங்கள் உரிமத்தில் ஏ மட்டும் இருந்தால், முதலில் பி சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி உண்டு. குட்டி ஈனும் பருவம் தொடங்கிய பின் விண்ணப்பித்தால் காகிதம் கைக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

கேள்வி: .223 வேண்டாம், .22-250 வாங்கு, அதுதான் நரித் துப்பாக்கி என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: நண்பர் திறந்த சமவெளியில் சுடுபவராக இருக்க வேண்டும். .22-250இல் அதே 55 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,120 மீட்டர் வேகத்தில் போகும். நேராகப் பிடித்துச் சுடும் தூரம் 210இலிருந்து 245 மீட்டர் வரை நீளும். அந்த 35 மீட்டர்தான் கிடைக்கும் லாபம். காற்றில் கிடைக்கும் லாபம் இன்னும் சிறிது: 16 கி.மீ. குறுக்குக் காற்றில் 200 மீட்டர் தூரத்தில் .223 ஏறத்தாழ 12 செ.மீ. விலகினால் இது 10 செ.மீ. விலகும்.

கொடுக்கும் விலை என்ன? ஒரு தோட்டாவுக்குள் போகும் வெடிமருந்து .223ஐவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். சத்தம் பெரிது. நாலைந்து குண்டு தொடர்ந்து சுட்டால் மெல்லிய குழல் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். சூடான குழலில் தொடர்ந்து சுட்டால் தோட்டா அறைக்கு அடுத்துள்ள தொண்டைப் பகுதி சீக்கிரம் அரித்துப்போகும், துல்லியமும் கூடவே போகும். ஓர் இரவில் ஒன்றிரண்டு குண்டு மட்டும் சுடுபவருக்கு இதெல்லாம் கவலையில்லை. நியூ சவுத் வேல்ஸ் மேற்கே மறைவே இல்லாத நிலத்தில், நரி 250 மீட்டருக்குள் வராது என்றால் .22-250 வாங்குங்கள். மரமும் மடுவுமாக இருக்கும் நிலத்தில் அந்த வேகத்துக்கு வேலையில்லை.

2004இல் வந்த .204 ரூகரையும் சிலர் கேட்கிறார்கள். 32, 40 கிரெயின் குண்டுகள், மிகத் தட்டையான பாதை, பின்னுதைப்பு கிட்டத்தட்ட இல்லை. நரிக்கு நன்றாகவே வேலை செய்யும். கிராமத்துக் கடையில் தோட்டா இருக்குமா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: .223 வாங்கிவிட்டேன். குழலில் 1:8 என்று போட்டிருக்கிறது. கடையில் 40, 50, 55, 69 கிரெயின் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது? முழு உலோக உறை போட்டது மலிவாக இருக்கிறதே?

பதில்: முழு உலோக உறைக் குண்டை நரிமேல் பயன்படுத்தவே கூடாது. அது விரியாது, ஊசி குத்தியதுபோல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். நரி ஓடிவிடும், குண்டும் நிற்காமல் அதன் பின்னால் உள்ளதை நோக்கிப் போகும். பெட்டியில் ‘வார்மின்ட்’ என்று போட்டிருக்கும் வகை, அதாவது பாலிமர் முனையோ திறந்த முனையோ உள்ள மெல்லிய உறைக் குண்டு வாங்குங்கள். நெஞ்சுக்குள் போனவுடன் உடைந்து சிதறும். பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வராது. தரையில் பட்டாலும் தெறிப்பதைவிட நொறுங்குவதே அதிகம்.

1:8 என்பது குழலுக்குள் உள்ள முறுக்கு: 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. முறுக்கு இறுக்கமாக இருந்தால் நீளமான, கனமான குண்டை நிலைப்படுத்தும். பழைய 1:12 குழல் 55 கிரெயினோடு நின்றுவிடும். 69 கிரெயினைப் போட்டால் குண்டு தள்ளாடி, காகித இலக்கில் சாவித்துளை போல நீண்ட ஓட்டை விழும். உங்கள் குழலில் அந்தத் தொல்லை இல்லை, எதிர்த்தொல்லை வரலாம். மிக மெல்லிய உறையுள்ள 40 கிரெயின் குண்டை மிக வேகமாக இறுக்கமான முறுக்கில் விட்டால், நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, சில வகைகள் இலக்கைத் தொடுமுன் காற்றிலேயே பிய்ந்துபோகும். இலக்கில் ஓட்டையே இல்லை, நடுவழியில் சாம்பல் நிறப் புகைக்கோடு மட்டும் தெரிந்தது என்றால் காரணம் இதுதான். 50, 53, 55 கிரெயினில் மூன்று வகை, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். 100 மீட்டரில் ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகள் 3 செ.மீ.க்குள் கூடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே வகையில் கையிருப்பு வாங்கி வையுங்கள். வகையை மாற்றினால் ஜீரோவை மீண்டும் பார்க்க வேண்டும். ஒரே எடை என்றாலும் வேறு தயாரிப்பு வேறு இடத்தில் விழும்.

69, 77 கிரெயின் இலக்குக் குண்டுகள் காகிதத்துக்கு நல்லவை. நரியின் மெல்லிய உடம்பில் அவை விரியுமா என்பதை நம்பிச் சுட முடியாது.

கேள்வி: ஊருக்கு வெளியே 8 ஹெக்டேர். பக்கத்து வீடு 300 மீட்டரில். கோழிக்கூட்டுக்கு நரி வருகிறது. சத்தமில்லாத காலிபர் எது?

பதில்: உங்களுக்கு முதல் கேள்வி சத்தம் இல்லை, குண்டு எங்கே போய் நிற்கும் என்பது. .22 எல்.ஆர். குண்டுகூட மேல்நோக்கிப் போனால் ஒன்றரை கிலோமீட்டர் போகும்; .223 அதைவிட வெகுதூரம். நரிக்குப் பின்னால் மண்மேடு தெரிந்தால் ஒழிய விசையைத் தொடாதீர்கள். புதரும் வேலியும் மண்மேடு ஆகாது; மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் நரியைச் சுடவே கூடாது. குடியிருப்பு, பொதுச் சாலை அருகே சுடுவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடும். காவல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சைலன்ஸர் பெரும்பாலான மாநிலங்களில் தடை, அதை நினைக்க வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு நாங்கள் சொல்வது 12 போர் (குழல் அளவு) ஷாட்கன். பிபி எனப்படும் பெரிய அளவுச் சன்னம் (சிறு உருண்டைகள்), தோட்டாவுக்கு 36 கிராம், 30 மீட்டருக்குள். சத்தம் பெரிதுதான், ஆனால் சன்னம் ரைஃபிள் குண்டுபோலத் தொலைதூரம் போகாது. முதலில் ஒரு அட்டையை 30 மீட்டரில் நிறுத்திச் சுட்டு, நரியின் நெஞ்சளவு வட்டத்துக்குள் எத்தனை சன்னம் விழுகிறது என்று எண்ணுங்கள். நாலைந்துகூட விழவில்லை என்றால் குழல் முனையைக் குறுக்கும் சோக்கை இறுக்குங்கள், இல்லையேல் தூரத்தைக் குறையுங்கள். பறவைக்குச் சுடும் பொடிச் சன்னம் நரியைக் காயப்படுத்தும், கொல்லாது.

கூண்டைச் சீர்செய்வதையும் விட்டுவிடாதீர்கள். வேலிக்கம்பியை வெளிப்பக்கமாகத் தரையில் அரை மீட்டர் மடித்துப் போட்டால் நரி தோண்டி நுழைய முடியாது. எட்டு ஹெக்டேரில் கோழிக்கூட்டை மூடுவதுதான் உண்மையான தீர்வு என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். நரி, காட்டாடு, எப்போதாவது மான். .243 எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், அதற்கென்றே இருக்கும் காலிபர் அது. 1955இலிருந்து பண்ணை அலமாரிகளில் நிற்கிறது. நரிக்கு 58 முதல் 75 கிரெயின் மெல்லிய உறைக் குண்டு, காட்டாட்டுக்கும் மானுக்கும் 90 முதல் 100 கிரெயின். காற்றில் .223ஐவிட நிலையாகப் போகும்.

இரண்டு விஷயம். விக்டோரியாவில் ஃபேலோ மானுக்குக் குறைந்தபட்சம் .243, குண்டு 80 கிரெயின். ஆகவே நரிக்கு வாங்கிய 58 கிரெயினை மான்மேல் விட்டால் அது சட்டப்படியும் தவறு, மானுக்கும் கொடுமை. தோள் எலும்பிலேயே நொறுங்கிவிடும். சாம்பர் மானுக்கு .243 சட்டப்படி போதாது, .270 தேவை. இரண்டாவது, 58க்கும் 100க்கும் விழும் இடம் ஒன்றாக இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஸ்கோப் திருகியை எத்தனை கிளிக் மாற்ற வேண்டும் என்று எழுதி, துப்பாக்கியின் தண்டில் ஒட்டி வையுங்கள். எழுதாமல் விட்டவர்கள், மானுக்குப் போய் வந்த அடுத்த வாரம் நரியைத் தவறவிடுவார்கள்.

கேள்வி: வருடத்தில் எப்போது சுட ஆரம்பிப்பது?

பதில்: இலையுதிர் காலத்தில், மார்ச் முதல் மே வரை. அந்த ஆண்டின் இளநரிகள் புது இடம் தேடி அலையும் காலம், அனுபவம் இல்லாதவை, ஊதலுக்கு வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் பெண்நரி குகையில் குட்டி போட்டிருக்கும். தாயைச் சுட்டால் குட்டிகள் பட்டினியில் சாகும். இதைத் தவிர்க்கத்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறோம். நீங்கள் மட்டும் சுட்டால் காலியான இடத்துக்குப் பக்கத்து நிலத்திலிருந்து வேறு நரி வந்துவிடும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதே வாரங்களில் 1080 நச்சுத் தீனியும் துப்பாக்கியுமாக இறங்கினால்தான் பலன் நிற்கும். தீனி வைத்த காலத்தில் பண்ணை நாயைக் கட்டி வையுங்கள், நாய்க்கு அது உயிர்க்கொல்லி.

செத்துக் கிடக்கும் குட்டி எல்லாம் நரி கொன்றதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தோலை உரித்துப் பாருங்கள். பல் பட்ட இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. இல்லையென்றால் குளிரிலோ பாலில்லாமலோ செத்ததை நரி பிறகு தின்றிருக்கிறது; அதற்குத் துப்பாக்கி மருந்தாகாது.

கேள்வி: .223 துப்பாக்கியில் 5.56 ராணுவத் தோட்டா போடலாமா? பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே.

பதில்: வேண்டாம். வெளி அளவு ஒன்றுதான், 5.56 அறையின் தொண்டை நீளமானது, தோட்டாவும் அதற்கேற்ற அழுத்தத்துக்கு நிரப்பியது. .223 அறையில் அதைச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். .222 தோட்டாவையும் அதே பையில் போட்டு வைக்காதீர்கள். குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

கேள்வி: 100 மீட்டர் இலக்கில் ஓட்டைமேல் ஓட்டை விழுகிறது. இரவில் ஊதி வரவழைத்து, 20 மீட்டரில் நிற்கும் நரியைத் தவறவிடுகிறேன். ஏன்?

பதில்: ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 4.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குண்டு கீழேயிருந்து கிளம்பி உங்கள் பார்வைக் கோட்டை ஏறத்தாழ 40, 50 மீட்டருக்குள் முதல்முறை தொடும். .223ஐ 180 மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால் 20 மீட்டரில் 2 செ.மீ. கீழே, 100 மீட்டரில் 3 செ.மீ. மேலே, 200 மீட்டரில் 3 செ.மீ. கீழே, 250 மீட்டரில் 12 செ.மீ. அளவுக்குக் கீழே விழும். நெஞ்சுக்கு அந்த 2 செ.மீ. பொருட்டில்லை. நீங்கள் தலைக்குக் குறிவைக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். நரியின் மூளை சிறியது, தலை ஓயாமல் அசையும், கொஞ்சம் இறங்கினால் தாடை உடையும். கிட்டத்தில் வந்தாலும் நெஞ்சையே பிடியுங்கள். நேர் எதிரே உட்கார்ந்திருந்தால் கழுத்தும் மார்பும் சேரும் இடம்.

இன்னொரு காரணம் ஸ்கோப்பின் உருப்பெருக்கம். 12 மடங்கில் வைத்திருந்தால் 20 மீட்டர் நரி வெறும் ரோமத் திட்டாகத்தான் தெரியும், எந்தப் பகுதி என்றே புரியாது. ஊதலை வாயில் வைக்குமுன் 4 மடங்குக்கு இறக்குங்கள். தூரத்தில் நின்றுவிட்டால் ஏற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். பாய்ந்து வரும்போது இறக்க நேரம் இருக்காது.

யூட் வண்டியின் பின்தட்டில் துப்பாக்கியை உருளவிட்டுக் கொண்டுபோகிறீர்களா என்றும் பாருங்கள். ஸ்கோப் வளையத் திருகுகள் தளர்ந்தால் இலக்கு மாறிப்போகும். பருவம் தொடங்குமுன், ஆறிய குழலில், முதல் குண்டு எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள். நரிக்குப் போவது அந்த முதல் குண்டுதான். விளக்கில் கண் மின்னுவதை மட்டும் வைத்துச் சுடாதீர்கள். ஆட்டு நாயின் கண்ணும் ஏறத்தாழ அதேபோல் மின்னும். காது, மூக்கு, வால் மூன்றும் ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்த பிறகு விரலை விசைக்குக் கொண்டுபோங்கள்.